துளை சரிந்தால் சேற்றைக் கனமாக்கினால் போதுமா?

ஆசிரியருக்கு,

எண்ணெய்க் கிணறுகள் பற்றிய தங்கள் கட்டுரையில், துளைச் சுவர் சரிந்தால் துளையிடும் சேற்றின் (துளைக்கும்போது கிணற்றுக்குள் சுழலவிடும் கனத்த திரவத்தின்) அடர்த்தியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தது. பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போனதால் கைவிட்ட கிணறுகள் உண்டு.

ஆழத்தில் பாறை எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. பக்கவாட்டு நெருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பது அரிது. துளை போட்டதும், வெட்டியெடுத்த பாறை தாங்கிய சுமை சுவரின் மேல் ஏறும். செங்குத்துக் கிணற்றில், நெருக்கம் குறைவான திசையை நோக்கிய சுவர்ப் பகுதியில்தான் அது அதிகம் குவியும். அங்கே பாறை பெயர்ந்து விழ, வட்டத் துளை நீள்வட்டமாகும். சேற்றின் அழுத்தம் இதைத் தடுக்கும். அளவு மீறினால் பாறை பிளந்து சேற்றை விழுங்கிவிடும்.

3,000 மீட்டர் ஆழத்தில் 1.20 அடர்த்தியுள்ள (நீரின் அடர்த்தி 1 எனக் கொண்டால்) சேறு சுமார் 353 பார் அழுத்தம் தரும். சேற்றைச் சுழலவிடும் பம்ப் ஓடும்போது உராய்வினால் அது 1.25 அடர்த்திக்குச் சமமானால், 15 பார் கூடும். பம்பை நிறுத்தினால் அத்தனையும் இறங்கும். குழாயை வேகமாக உருவினால் இன்னும் இறங்கும். சுவர் இப்படி ஏறி இறங்கியே களைத்துவிடும்.

சேற்றின் அழுத்தத்துக்குப் பாறை தாங்கும் மேல் எல்லையை லீக்-ஆஃப் சோதனையில் அறியலாம். கேசிங்குக்கு (துளைச் சுவரைக் காக்க இறக்கும் எஃகுக் குழாய்க்கு) வெளியே சிமென்ட் இறுகியபின், அதன் அடியில் 3 முதல் 6 மீட்டர் புதுப் பாறையைத் துளைத்து, மேலே வால்வை மூடி, நிமிடத்துக்கு 40 முதல் 80 லிட்டர் வரை சேற்றை ஏற்றவேண்டும். அழுத்தக் கோடு நேர்போக்கை விட்டு வளையும் இடமே எல்லை. பம்பை நிறுத்தியபின் 10 நிமிடமாவது அழுத்தத்தைக் குறிக்கவேண்டும். சிமென்ட் ஒழுகினாலும் கோடு வளையும். அதைப் பாறையின் பலவீனமென்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை.

கட்டுரை தொடாமல் விட்டது, மேலே திரும்பிவரும் சேற்றிலிருந்து பாறைச் சில்லுகளைப் பிரிக்கும் ஷேக்கர் சல்லடையை. அங்கே வந்து விழும் சில்லுகளே நோயைச் சொல்லிவிடும். கூர்முனைகளும் கரடான முகங்களும் கொண்ட கோணல் சில்லுகள் சுவர் நொறுங்கியதைக் காட்டும், அடர்த்தியைக் கூட்டலாம். நீண்டு மெலிந்து வளைந்த சிம்புகள், பாறைக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் சேற்றைவிட அதிகம் என்பதற்கு அறிகுறி; அப்போதும் கூட்டலாம், துளைக்கும் வேகத்தையும் குறைக்கவேண்டும். எதிரெதிர் முகங்கள் தட்டையாக, பலகைத் துண்டுபோல் வந்தால் நிலைமை வேறு. ஏற்கெனவே விரிசலோ படிவத் தளமோ (பாறை அடுக்குகளுக்கு இடையிலான தளம்) பிரிந்திருக்கிறது. கனமான சேறு அந்த விரிசலுக்குள் புகுந்து அதை மேலும் பிரிக்கும். அப்போது விரிசலை அடைக்கும் துகள்களைச் சேர்த்து, சேற்றிலிருந்து நீர் கசிவதைக் குறைத்து, குழாயை மெதுவாக இயக்கவேண்டும். அடுத்த கிணற்றை அந்தத் தளங்களுக்கு இணையாகப் போகாமல் குறுக்காக வெட்டும் கோணத்தில் வரைவது நல்லது.

இப்படிக்கு,
துரப்பணப் பொறியாளர் ஒருவர்