சந்தைக்கு முதல் நாளே போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பக்கத்தில், வெளிநாட்டு நகரங்களில் பார்க்க வேண்டியவை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அருங்காட்சியகங்களுக்கு அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. விவசாயிகள் சந்தைக்குக் கிடைத்தது ஒரே வரி: கடைசி நாள் நேரம் மிஞ்சினால் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று. அந்த ஒரு வரி மனசுக்குக் கஷ்டமாக இருந்ததால்தான் எழுதுகிறேன்.

அச்சு இயந்திரங்களை நிறுவிக்கொடுப்பது என் வேலை. 22 வருடங்களாக, வருடத்துக்கு மூன்று நான்கு வெளிநாட்டுப் பயணங்கள். போய் இறங்கிய மறுநாள், நேர வித்தியாசத்தால், விடியற்காலை மூன்றரை மணிக்கே விழிப்புத் தட்டிவிடும். அறைக்குள் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? வெளியே நடந்தால் ஊரே உறங்கும், சந்தைக்காரர்கள் மட்டும் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். இப்படித்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது.

நியூயார்க்கில் யூனியன் ஸ்கொயரில் திங்கள், புதன், வெள்ளி, சனி என வாரத்தில் நான்கு நாள் சந்தை உண்டு. பாரி பெனபி என்ற நகரத் திட்டக் கலைஞரும் அவருடைய கூட்டாளியும் 1976இல் தொடங்கிய கிரீன்மார்க்கெட் திட்டத்தைச் சேர்ந்தது அது. விற்பவர் தான் விளைவித்ததைத்தான் கொண்டுவர வேண்டும், வாங்கி விற்கக் கூடாது என்பது அங்கே விதி. ஓர் அக்டோபர் புதன்கிழமை ஒரு பெரியவரிடம் ஆப்பிள் கேட்டேன். அவர் மேஜையில் பத்துப் பன்னிரண்டு வகை இருந்தன. எதை எடுப்பது என்று விழித்தேன். அவர் கத்தியை எடுத்து நான்கு வகையில் ஒவ்வொரு துண்டு நறுக்கி நீட்டினார். புளிப்பிலிருந்து இனிப்புக்கு வரிசையாகச் சாப்பிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை திரும்பப் போனபோது என்னை அடையாளம் கண்டுகொண்டு, எது முதலில் தீர்ந்தது என்று கேட்டார். கடைசி நாள் போயிருந்தால் இந்த இரண்டாவது பேச்சு நடந்திருக்குமா? வாங்கியதைத் தின்று தீர்க்கவும் நாள் வேண்டும் அல்லவா?

எல்லாச் சந்தையிலும் இப்படி விதி கிடையாது. மொத்த வியாபாரியிடம் வாங்கி, அழகான கூடையில் அடுக்கி வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அதுவும் பிழைப்புதான். ஆனால் விளைவித்தவரைத் தேடிப் போகிறவர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டுக் கடையில் வாழைப்பழம் கிடந்தால் அது கைமாறி வந்த சரக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலான காய்கனிகளுக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று எழுதி வைத்தாக வேண்டும், அந்தச் சின்னப் பலகையைப் படியுங்கள். பிரான்ஸில் 'புரோதுக்தர்' என்று எழுதியிருந்தால் அவர் உற்பத்தியாளர். மேஜையில் நாலே வகைதான் இருக்கிறதா, அதுவும் கொஞ்சம் மண்ணோடு? நான் நேரே அங்கேதான் போவேன்.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. பாரிஸில் முலாம்பழம் விற்ற அம்மா ஏதோ கேட்டார், நான் முழித்தேன். பக்கத்தில் நின்றவர் விளக்கினார்: இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? இன்றைக்கு என்றேன். அந்த அம்மா ஏழெட்டுப் பழங்களைக் காம்போரம் அழுத்தி, முகர்ந்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று மதியம் அதைச் சாப்பிட்டபோது, அவர் கை சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

படம் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஊரில், கீரைக் கட்டு விற்ற ஒரு பெண்ணின் மேஜையைப் பத்துப் பதினைந்து பயணிகள் கைபேசியோடு மறித்து நின்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை. வாங்க வந்த ஒரு மூதாட்டி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு அரை நாள்தான் வியாபாரம். ஏதாவது வாங்குங்கள், அப்புறம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சந்தை வேடிக்கைக்காக வந்ததல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1907இல் வெங்காய விலை தாறுமாறாக ஏறியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியும் மக்களும் நேரே வாங்கி விற்கட்டும் என்றுதான் அந்த வருடம் ஆகஸ்ட் 17 அன்று பைக் பிளேஸ் சந்தையைத் திறந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகளே வந்தன, மதியத்துக்குள் எல்லாம் விற்றுப்போனது. பிறகு 1960களில் அதை இடிக்கப் பார்த்தார்கள். 1971இல் ஊர் மக்கள் வாக்களித்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அங்கே மீன் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் படம் எடுக்கக் கூட்டம் நெரிகிறது. சில அடி தள்ளி விவசாயிகளின் மேஜை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, ஆசையில் பழத்தைப் பெட்டியில் வைத்து எல்லை தாண்டாதீர்கள். பூச்சியும் நோயும் அதோடு பயணம் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்று கேட்கிறார்கள். அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை மட்டும் விலக்கு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு நகரத்தைப் பற்றிப் போடும்போது சந்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, விளைவித்தவர் மட்டுமே விற்பதா இல்லையா என்று மூன்று விவரம் சேருங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனைப் பற்றி எழுதினால், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிச் சனிக்கிழமை காலையில் கூடும், விளைவித்தவரே மேஜைக்குப் பின்னால் நிற்பார் என்று போடுங்கள். அங்கே கூட்டம் முழுக்க இடஞ்சுழியாகத்தான் நடக்கும், எதிரே போனால் நகர முடியாது என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சு இயந்திரப் பொறியாளர்