அசல் சந்தன எண்ணெயில் வாசம் ஏன் குறைவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மூன்று பேர் சந்தன எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "பக்கத்துத் தட்டில் இருக்கிற 5 வெள்ளி எண்ணெய் கமகமவென்று மணக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் வாசமே இல்லையே." நியாயமான கேள்வி. அன்று கடையில் கூட்டம். நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அசல் சந்தன எண்ணெய் திறந்தவுடன் மூக்கைத் துளைக்காது. அதில் பெரும்பகுதி சான்டலால் என்னும் பொருள். ஆல்பா சான்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சான்டலால் 16 முதல் 24 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சந்தனத்துக்கான அனைத்துலகத் தரம். இரண்டுமே கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். ஆரஞ்சு எண்ணெய் சட்டென்று எழும்பிச் சீக்கிரமே போய்விடும். சந்தனமோ உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு, மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். அப்போதும் மணக்கும். வட இந்தியாவின் அத்தர் ஊரான கன்னோஜில் அத்தர் வடிப்பவர்கள் ரோஜாவின் மணத்தைப் பிடித்து வைக்கக் காலங்காலமாகச் சந்தன எண்ணெயைப் பயன்படுத்தியதும் இதனால்தான்.

அந்த 5 வெள்ளி எண்ணெய் செயற்கை மணம். சாமி மேடைக்கும் துணி அலமாரிக்கும் அது போதும். உடம்பில் தேய்க்க வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்த தட்டில், ஒரே பெயர் எழுதி வைத்திருந்தது எங்கள் தவறு. இந்த வாரம் முதல் அது 'சந்தன வாசனை' என்ற பெயரில் தனியாக இருக்கும். எங்கே வாங்கினாலும் போத்தலில் மரத்தின் பெயரைப் பாருங்கள். சான்டலம் ஆல்பம் என்றால் இந்தியச் சந்தனம். சான்டலம் ஸ்பிக்காட்டம் என்றால் ஆஸ்திரேலியச் சந்தனம். அதுவும் நல்ல எண்ணெய்தான், சான்டலால் மட்டும் குறைவு. மேற்கிந்தியச் சந்தனம் என்று விற்பது அமைரிஸ் என்ற வேறொரு மரம். அதை நாங்கள் வாங்குவதில்லை.

விலைக்குக் காரணம், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். செம்பனை மூன்றாம் ஆண்டில் குலை தள்ளும். பால்மரத்தை ஆறேழு ஆண்டில் சீவலாம். சந்தனம் நன்றாக வைரம் பாய 30 ஆண்டுகூட ஆகும். பக்கத்து மரங்களின் வேரைப் பற்றிக்கொண்டுதான் அது வளரும். எண்ணெய் இருப்பது அந்த நடுமர வைரத்திலும் வேரிலும்தான். அதனால் மரத்தை வெட்டாமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் நீராவியில் வடிக்க வேண்டும். மைசூரில் அரசாங்க ஆலை 1916 முதல் இதைச் செய்கிறது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? 10 மில்லி தேங்காய் எண்ணெயில் 4 துளி. முகத்துக்கு 2 துளி போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். இரவில் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டால் மனம் அடங்கும். வேலை முடிந்து வந்த களைப்புக்கு இதைவிட இதமான மணம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் தூக்க மாத்திரைக்கோ இரத்த அழுத்த மருந்துக்கோ இது மாற்று இல்லை. உள்ளுக்குக் குடிக்கவே கூடாது. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வேர்க்குருவுக்கு இதைத் தடவி, குளிரவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். கல்லில் அரைத்த சந்தனம் குளிர்வது அதில் உள்ள தண்ணீர் காய்வதால். எண்ணெய் அப்படிக் குளிராது.

மணத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் 3 துளி விடலாம். கெட்டியான எண்ணெய் ஆதலால் தொட்டியைத் தவறாமல் துடையுங்கள். போத்தலை இருட்டில், சாதாரண மூடியோடு வையுங்கள். சொட்டுக்குழாயின் ரப்பரை எண்ணெய் அரித்துவிடும்.

திருப்பிக் கொடுத்த அந்த மூவரின் போத்தல்களும் பெயர் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காகிதத் துண்டும் வைத்திருக்கிறோம். ஒரு துளி விட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மறுநாளும் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் எண்ணெய்க் கடையினர்,
சுங்கை சிப்புட்