ரிப்போர்ட் என் கையில் இல்லை, அக்கா

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று அம்மா போனில் சொன்னாள், நிம்மதியாக இருந்தது.

என் மகள் பாப்பாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, அத்தானின் சிநேகிதர் டாக்டரிடம் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். மறைக்கிறேன் என்று நினைத்துவிடாதே. அந்த ரிப்போர்ட் என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருக்கிறது. இரும்புச்சத்து குறைவு என்று அவளாகவே சொன்னாள். உன்னிடம் சொல்லலாம் என்றும் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவளுக்கு 14 வயதுதானே என்பாய். இங்கே பல கிளினிக்குகளில் பிள்ளைக்கு 11 வயதானதுமே அதன் மருத்துவக் குறிப்புகளைப் பெற்றவர்கள் ஆன்லைனில் பார்க்கும் வழியை நிறுத்திவிடுகிறார்கள். 13 ஆனால் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவையின் ஆப்பில் பிள்ளையே பதிந்துகொள்ளலாம். விவரம் புரிந்த பிள்ளை என்று டாக்டருக்குத் தோன்றினால், அவள் சம்மதம் இல்லாமல் எனக்கு எதையும் காட்டமாட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு தாயின் வழக்கு இருக்கிறது. விக்டோரியா கில்லிக் என்பவர், பத்துப் பிள்ளை பெற்றவர். 16 வயது நிரம்பாத தன் மகள்களுக்குத் தன்னைக் கேட்காமல் கருத்தடை ஆலோசனையோ மாத்திரையோ தரக்கூடாது என்று நீதிமன்றம் போனார். முதலில் தோற்று, மேல்முறையீட்டில் ஜெயித்து, கடைசியில் 1985இல், அப்போது இங்கே உச்ச நீதிமன்றம் போலிருந்த பிரபுக்கள் சபையில், நீதிபதிகள் 3-க்கு 2 என்று பிரிய, தோற்றார். விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் வந்த பிள்ளை தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்பது தீர்ப்பு. அந்தத் தாயின் பதைப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. பாப்பாவை வயிற்றுவலிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் என்னைக் கொஞ்சநேரம் வெளியே இருக்கச் சொன்னார். மனசு எங்கெல்லாமோ போய் வந்தது.

ஆனாலும் நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். எனக்குப் பதினைந்து வயதில் மாதவிலக்கு வலி வந்தது ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள், கூடவே சித்தப்பா வேறு நின்றார். உயிர் போகிற வலியைக் 'கொஞ்சம்தான்' என்றேன். வாய்விட்டுச் சொன்னது காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான். அத்தனை வருஷம் எதற்காகப் பொறுத்தேன் சொல்லு.

டாக்டர் எல்லாவற்றையும் மூடி வைப்பார் என்றும் இல்லை. உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் உரியவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். கூடியவரை பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வார். எனக்கு ஒத்துவராதது ஒன்றே ஒன்று, வயதை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்துவது. ஆஸ்துமா, சர்க்கரை என்று தினமும் மருந்து வேண்டிய பிள்ளையின் அம்மா, மறுபடி அனுமதி வாங்கக் கிளினிக்குக்கு அலைகிறாள். அந்தப் பிள்ளைகளையாவது முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எல்லார் முன்னாலும் அவளிடம் ரிப்போர்ட் பற்றிப் பேச்செடுக்காதே. பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர். தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் பேசு. அவள் சொல்வதை எனக்கும் சொல்ல வேண்டாம்.

உன் அன்புத் தங்கை