கூட்டு மாத்திரையும் கத்தரித்த அட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபினும் கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையை எங்கள் கோபி, அந்தியூர் வட்டாரத்தில் பலர் சாப்பிட்டு வருகிறார்கள். நாளுக்கு ஒரு மாத்திரை என்பது முதியவர்களுக்கு வசதிதான். அதை நான் குறை சொல்லவில்லை. தாம் விழுங்குவது இரண்டு மருந்து என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் கவலை தருகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதையும் சாப்பிட்டு, ஈரோட்டிலோ கோவையிலோ தனியார் மருத்துவர் எழுதித் தந்த கூட்டு மாத்திரையையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அட்டையின் பெயர் வேறு, மாத்திரையின் நிறம் வேறு. ஆனால் இரண்டிலும் அம்லோடிபின் இருக்கக்கூடும். மருத்துவர் அறியாமல் இப்படி அளவு கூடும்போது கணுக்கால் வீங்கலாம், தலை சுற்றலாம். மஞ்சள் காட்டில் வெயிலில் குனிந்து நிமிர்கிற வயதானவருக்கு அந்தத் தலைசுற்றலே கீழே தள்ளப் போதும். வீக்கத்தைத் தனி நோயாக எண்ணி நீர் மாத்திரை கேட்பதும் நடக்கிறது. அம்லோடிபினால் வந்த வீக்கம் அதற்குப் பெரும்பாலும் வடிவதில்லை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு சரியாக இருக்கிறதென்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவருக்கு, அதனுடன் பிரஷர் மருந்தும் நின்றுபோகிறது. பரிசோதனை முடிவு நன்றாக வந்ததே அந்த மாத்திரையால்தான் என்பதை யாரேனும் அவருக்குச் சொல்ல வேண்டாமா?

இந்தக் கூட்டு மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள், காரணமில்லாத கடும் தசைவலியோ, சிறுநீர் கருத்துப் போவதோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் அட்டர்வாஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடுவதால், சளி, இருமலுக்கு வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைக் காட்டுவது அவசியம். கருவுற்றிருப்பவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடரக் கூடாது.

காட்டுவதற்கு அட்டை இருந்தால்தானே? ஐந்து மாத்திரை கேட்டால் சில கடைகளில் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வருவது வெள்ளி நிறத் தாளில் ஐந்து குமிழ்கள் மட்டும்.

வெட்டித் தரும்போது மருந்துகளின் பெயர், அளவு, காலாவதித் தேதி ஆகியவற்றை உறையின் மேல் எழுதித் தருவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் கடைகளில் உறுதி செய்ய வேண்டும். வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்களும், புதிய அட்டையைக் கொடுக்குமுன், அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்து, ஐயமிருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.