கிக்ஸ்டார்ட் 2.04 மேம்பாட்டுப் பெட்டி வேலை செய்யாதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: அமிகா 500-க்கான ரோம் சிப் மாற்றியபின் கறுப்புத் திரை, ஏழு முறை அழைத்தும் தீர்வில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

என் பழைய அமிகா 500 கணினியின் கிக்ஸ்டார்ட்டை (கணினியைத் தொடக்கும் மென்பொருள், ரோம் சிப்பில் பதிந்திருப்பது) 1.3-இலிருந்து 2.04-க்கு மாற்ற வாங்கிய உங்கள் பெட்டி கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இன்றுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கிறது. போனில் பேசிப் பேசிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் "எல்லா அமிகா 500-க்கும் பொருந்தும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். பொருந்தாது. பழைய 1.3 சிப் 256 கிலோபைட், 2.04 சிப் 512. அளவு இரட்டிப்பானால் நினைவக முகவரிக்கு ஒரு கம்பி கூடுதலாக வேண்டும். ரிவிஷன் 5 போர்டிலும் (ரிவிஷன் என்பது போர்டின் பதிப்பு எண்) அதற்கு முந்தையவற்றிலும் சிப்பின் 1-ஆம் காலுக்கும் 31-ஆம் காலுக்கும் இடையே சின்னதாக ஒரு கம்பி இணைப்புக் கொடுத்தாக வேண்டும். என் போர்டு ரிவிஷன் 5. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இதை விற்பதுதானே உங்கள் தொழில்! பிறகு ஏன் செய்முறைத் தாளில் ஒரு வரிகூட இல்லை?

மூன்றாவது அழைப்பில் பேசியவரை மட்டும் மறக்க முடியவில்லை. "சிப்பை நல்லா அழுத்துங்க சார், உங்களுக்கு மாட்டத் தெரியல" என்றார். நாற்பது கால் சிப்பை அப்படி அழுத்தினால் போர்டு வளையும், ஒரு கால் உள்பக்கம் மடிந்துபோகும். மடிந்தது. ஊசிமூக்குக் குறடால் நிமிர்த்தியிருக்கிறேன். இன்னொரு தரம் மடிந்தால் ஒடிந்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் கழற்றி மாட்டியதில் தகரக் கவசத்தின் மடிப்பு நாக்குகளில் இரண்டு ஏற்கெனவே ஒடிந்துவிட்டன. காரணத்தைச் சொன்னபோது, "அதெல்லாம் எங்ககிட்ட சொல்லாதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கும் முன்னால், டிஸ்க் கெட்டிருக்கும் என்று சொல்லி இரண்டு முறை ஒர்க்பெஞ்ச் (அமிகாவின் இயங்குதள) டிஸ்க் அனுப்பினீர்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். ரோமின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை தவறினால் திரை சிவப்பாகும், சிப் ராம் என்கிற முதன்மை நினைவகம் பழுதென்றால் பச்சையாகும். இங்கே ஒரு நிறமும் வரவில்லை. இயந்திரம் டிஸ்கைத் தேடும் கட்டத்துக்கே வரவில்லை என்றால் புது டிஸ்க் எதற்கு? பழைய 1.3 சிப்பைத் திருப்பி மாட்டியதும் டிஸ்கைப் போடச் சொல்லும் படம், டிஸ்க் பிடித்த கை, உடனே வெள்ளைத் திரையில் வந்துவிடுகிறது. ஆக, இயந்திரத்தில் குறையில்லை.

இந்த நான்கு மாதமும் மொத்தமாக வீண். முப்பது வருடத்துக்கு மேல் பத்திரமாக இருந்த போர்டை உங்கள் ஆலோசனை பாழாக்கப் பார்த்தது. இதற்கு ஈடு கட்ட உங்களால் முடியாது.

இருந்தாலும் பணிவாகவே கேட்கிறேன். ரிவிஷன் 5-க்கென்று கம்பி இணைப்பு முடித்த இடைச் சாக்கெட்டும் (சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே மாட்டுவது), கால் வளையாத சிப்பும் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பெட்டி மேல் உள்ள வாசகத்தையும் மாற்றுங்கள். பதினைந்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் வளைந்த சிப்பின் படம், அழைப்புத் தேதிகள், உங்கள் செய்முறைத் தாள் எல்லாம் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும். அந்த மூன்றாவது அழைப்பின் பதிவை அழித்துவிடாதீர்கள், அங்கே கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்