வெறும் தூக்காத் தராதே

நேற்று முன்தினம் வைரல் லோடு ரிப்போர்ட், அதாவது என் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட், கைக்கு வந்தது. மாத்திரை தொடங்கி ஆறு மாதம். கிருமி கணக்கில் அகப்படாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன், பத்து விரல் போதவில்லை. அதனால்தான் இந்த மடல். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதலில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அத்தைக்கு.

விஷயம் பரவிய பிறகும் அக்கம்பக்கத்திலிருந்து பலகாரம் வருவது நிற்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பேப்பர் தட்டில் வந்தது, பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. "திருப்பித் தர வேணாம், தூக்கிப் போட்டுடு" என்பார்கள். கெட்ட மனசு இல்லை, பயம். அம்மா அந்த டப்பாக்களைக் கழுவிக் கழுவி அடுக்கி வைத்தாள்.

அத்தை ஒரு நாள் சங்கரா மீன் குழம்பை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தார். மூடியில் பேர் வெட்டிய, வீட்டில் புழங்கும் தூக்கு. மறுநாள் காலையிலேயே வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "எங்கடி என் தூக்கு?" என்றார். கழுவி வைத்ததைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார்.

"வெறும் தூக்காத் தருவியா? உங்க ஆயா இப்படியா வளத்துச்சு?"

கடலூர் முதுநகர் மீன் ஏலத்தில் பழகிய குரல், தெருவே எட்டிப் பார்த்தது. நான் கிளறிய உப்புமாதான் இருந்தது, போட்டுக் கொடுத்தேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, தூக்குக்குள் கைவிட்டுச் சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார். அவ்வளவுதான்.

சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். தலையாட்டினேனே தவிர, வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் நானேதான் தனியாக வைத்திருந்தேன். அன்று மதியம் அவை மற்ற பாத்திரங்களோடு அலமாரிக்குப் போயின.

அந்த ஆலோசகர் அக்காவுக்கும், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை தரும் அண்ணனுக்கும், வேலையை விட்டு நிறுத்தாத தையல் கடை அம்மாவுக்கும், ஸ்கூட்டியில் ஒவ்வொரு முறையும் கூட்டிப்போன தோழிக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்னும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை எனக்குப் படித்துக் காட்டிய வக்கீல் சாருக்கும், 1097 எய்ட்ஸ் உதவி எண்ணில் என் அழுகையைப் பொறுமையாகக் கேட்ட முகம் தெரியாதவருக்கும் நன்றி. 2004-இல் இலவச மாத்திரை வந்த புதிதில் தாம்பரம் வரை போய் வாங்கிய அக்கா ஒருவர், "எங்களுக்கு வேளைக்கு வேளை. உனக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணு, அதுக்கு இவ்வளவு மூஞ்சியா?" என்று திட்டினார். அந்தத் திட்டுக்குத் தனி நன்றி.

சிலர் என்னைத் தைரியசாலி என்கிறீர்கள். கூச்சமாக இருக்கிறது. மாத்திரை போட்டேன், தூங்கினேன். அடுத்த மாதத்திலிருந்து, மையத்துக்குப் போகும் நாட்களில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சரி, சாப்பிட்டாயா என்றாவது கேட்கலாம்.

அத்தை, போன வாரம் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்த தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குப் புளியோதரை. உப்பை அம்மாவிடம் இரண்டு தரம் பார்க்கச் சொல்லிவிட்டேன்.