மதகு அடைத்தே கிடந்தால் மீன் எப்படி வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் மீன் குறைவதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் இழுவைப் படகுகளைத்தான் சொல்கிறார்கள். சரி, ஆனால் எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களின் கால்வாய்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கரையோரத் தோட்டங்களில் உப்புநீர் ஏறாமலிருக்க மண்கரை கட்டி மதகு வைத்திருக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் சியாக்காப் (கொடுவா) மீன் குஞ்சுகள் வளர்வது ஏற்றநீர் புகும் ஓடைகளிலும் சதுப்புநிலக் காட்டிலும். ஊடாங் காலா என்னும் பெரிய இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சு உவர்நீரில்தான் பிழைக்கும், அப்புறம் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். எப்போதும் மூடியே கிடக்கும் மதகு இந்தப் போக்குவரத்தை அடைத்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது மண். கடலோரக் களிமண்ணில் பல இடங்களில் கந்தகம் கலந்திருக்கிறது. கால்வாயை ஆழமாக வெட்டி நீரை வடித்தால் அது காற்றுப் பட்டு அமிலமாகிறது. வறட்சிக்குப் பிறகு வரும் முதல் பெருமழையில் அந்த நீர் மொத்தமாக ஆற்றில் இறங்கினால் மீனின் செவுள் தாங்காது. கால்வாயில் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் இது நன்றாகக் குறையும். செம்பனைக்கும் அது நல்லதே.

அந்தச் சதுப்புநிலக் காட்டைச் சேர்ந்த ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஒன்றைக்கூட இனி வெட்டக்கூடாது.

கடலின் ஏற்றநீர் குறைவான நாட்களில் ஓரிரு மதகுகளைச் சிறிது நேரம் திறந்து பார்க்கலாமே! தோட்ட நிர்வாகங்களும் வடிகால், மீன்வள இலாகாக்களும் மீனவர்களோடு உட்கார்ந்து பேசி, அடுத்த வறட்சிக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

தோட்டப்புற வாசகர்,
புக்கிட் ரோத்தான், சிலாங்கூர்